‘ஆள் வருது’

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971இல் டெக்சாஸில் பறக்கத் தொடங்கியது. அன்று முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் பயணச்சீட்டில் இருக்கை எண் இருந்ததில்லை. முதலில் ஏறுகிறவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். ஏறுவதற்கு ஏ, பி, சி என மூன்று பிரிவுகள். 2007 முதல் ஒவ்வொன்றிலும் 60 வரை வரிசை எண். நல்ல எண் கிடைக்கப் புறப்பாட்டுக்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு செக்-இன் செய்யப் பலர் கைபேசியும் கையுமாகக் காத்திருப்பார்கள். 2009 முதல் கூடுதல் பணம் கட்டினால் நிறுவனமே அதை முன்கூட்டிச் செய்துகொடுத்தது. 2026 ஜனவரி 27 முதல் அங்கும் இருக்கை எண் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய ஏற்பாடு கிளப்பிவிட்ட கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது. முன்னால் ஏறியவர் பின்னால் வருகிறவருக்கு இடம் பிடித்து வைப்பது நியாயமா?

அது நடந்த விதத்தைப் பார்க்கலாம். போயிங் 737 விமானத்தில் நடைபாதைக்கு இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். ஏ பிரிவில் ஏறிய ஒருவர் ஐந்தாம் வரிசையில் நடைபாதை ஓரமாக உட்காருகிறார். ஜன்னலோர இருக்கையில் கோட்டை மடித்துப் போடுகிறார்; நடு இருக்கையில் தோள்பை. பி பிரிவில் வந்தவர் ஜன்னலோரத்தைக் காட்டிக் கேட்கிறார். “ஆள் வருது” என்று பதில். பின்னால் இருபது பேர் பெட்டியோடு நெருக்கிக்கொண்டு நிற்கும்போது யார் நின்று வழக்காடுவது? கேட்டவர் நகர்ந்துவிடுகிறார். கால் மணி நேரம் கழித்து, சி பிரிவில் ஏறிய மனைவி வந்து ஜன்னலோரம் உட்காருகிறார். முன்னுரிமைக் கட்டணம் ஒருவருக்குத்தான் கட்டப்பட்டது, பலன் இருவருக்கு.

வேண்டியவரோடு பக்கத்தில் உட்கார ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு விலை கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். வரிசை என்ற ஏற்பாடு ஒரு ஆளுக்கு ஒரு முறை என்ற ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது. ஏ எண் வைத்திருப்பவர் தனக்கு ஓர் இருக்கையைத் தேர்ந்துகொள்ளலாம். தன் முறையை இரண்டாகப் பெருக்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. சேர்ந்து உட்கார நேர்மையான வழி ஒன்று எப்போதும் திறந்தே இருந்தது. முன்னவர் தன் முறையை விட்டுக்கொடுத்து, பின்னவர் வரும்வரை காத்திருந்து, அவரோடு சேர்ந்து ஏறலாம். அப்போது துணைக்காக இழப்பது தன்னுடைய வசதியை. கோட்டைப் போட்டு வைக்கும்போது இழப்பது ஊர் பேர் தெரியாத இன்னொருவரின் வசதியை. இரண்டையும் அன்பு என்ற ஒரே கணக்கில் எழுத முடியாது.

எல்லா இடத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடவும் கூடாது. கடைசி வரிசைகளில் தன் பக்கத்து நடு இருக்கையைப் பிடித்து வைப்பவரால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. நடு இருக்கையை ஆசைப்பட்டுத் தேடுபவர் அரிது. குழந்தைகள் விஷயம் வேறு. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு வருபவர்களை ஏ பிரிவுக்குப் பிறகு, பி பிரிவுக்கு முன்பு ஏற்றினார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தாய் இடம் கேட்டால் எழுந்து கொடுப்பதுதான் முறை. அவர் கேட்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பவர் மற்றவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையை விட்டுவைக்கிறார். கோட்டு அதை விட்டுவைப்பதில்லை.

நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. இடம் பிடிப்பதை அது அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முன்னால் ஏறும் வரிசையைக் காசுக்கு விற்றுவிட்டு, அதைக் காக்கும் வேலையைப் பயணிகளின் தலையில் கட்டியது. சண்டை போடத் தயங்காதவருக்கு ஜன்னலோரம், தயங்குகிறவருக்கு வால்பக்கம் என்றுதான் அது முடிந்தது.

இருக்கை எண் வந்தபிறகும் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்துக்கு எண் வரவில்லை. அதே நிறுவனம் 2025 மே 28 முதல் பெரும்பாலான பயணிகளுக்கு இலவசப் பெட்டிச் சலுகையை நிறுத்தியது. கட்டணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் பெட்டியைக் கையோடு உள்ளே கொண்டுவருவது இயல்பு. இருபத்திரண்டாம் வரிசைக்காரர் போகிற போக்கில் மூன்றாம் வரிசைக்கு மேலே சூட்கேஸைத் தள்ளிவிட்டுப் போகிறார். இறங்கும்போது அப்படியே எடுத்துக்கொள்ளலாமே. மூன்றாம் வரிசைக்காரர் கடைசியாக வந்து பார்த்தால் இடமில்லை. தன் பெட்டியைப் பதினெட்டாம் வரிசைக்கு மேலே ஏற்றுகிறார். தரையிறங்கியதும் கூட்டத்தை எதிர்த்துப் பின்னால் போக முடியாது. எல்லாரும் இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்த விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தாலும்.

இடம் பிடிப்பதைவிட இது மோசம். கோட்டைப் போட்டவர் முகம் பார்த்து ஒரு பதிலாவது சொன்னார். சூட்கேஸ் யாருக்கும் பதில் சொல்லாது. சொந்தக்காரர் பத்தொன்பது வரிசைக்குப் பின்னால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் அடங்கும் சிறு பையையும் மேலே வைத்து இடத்தை அடைப்பவரும் இதே ரகம். “இது யாருடையது?” என்று விமானப் பணியாளர் உரக்கக் கேட்க வேண்டும். ஆள் தெரிந்தால் பெட்டியை அவர் வரிசைக்கே அனுப்ப வேண்டும். அதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தை உள்ளே இருப்பவர்கள் முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும்.