யார் அடிச்ச அருவா?

ஓரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கு பார்த்தாலும் நவீன மெஷின்கள். ஆனால், சில மாடல்களின் பெட்ரோல் டேங்கில் ஓடுகிறதே ஒரு தங்க நிறக் கோடு... அதை மட்டும் ஒரு மனிதர் பிரஷ்ஷைப் பிடித்துக் கையால்தான் இழுக்கிறார். வண்டி வாங்கினவர் தெருவெல்லாம் சொல்லுவார், ‘இந்தக் கோடு கையால போட்டது சார்!’

ஏன் இந்தப் பெருமை? ஸ்டிக்கர் ஒட்டினால் இதைவிட நேராக இருந்துவிட்டுப் போகிறது!

கோட்டை மட்டுமா ரசிக்கிறோம்? கை நடுங்கியிருக்கலாம். நடுங்கவில்லை. அதைத்தான் ரசிக்கிறோம். சரி, அப்படி ரசித்த பிறகு அந்த மனிதருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? அல்லது காசு கொடுத்ததோடு கணக்கு முடிந்ததா?

இந்தக் கேள்விக்கு விடை தேட அரிவாளைவிட நல்ல பொருள் இல்லை. அதற்கும் ஓரகடத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. 2012 முதல் இங்கே டெய்ம்லர் ஆலையிலிருந்து லாரிகள் வருகின்றன. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். எந்த லாரியானாலும், வருஷக்கணக்காகப் பாரம் சுமந்து ஓய்ந்த பட்டை, பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கிருந்து பட்டறைக்கு. சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில் அதுதான் அரிவாளாக மறுபிறவி எடுக்கிறது.

உலையில் பட்டை பழுக்கும். சம்மட்டி அடியில் வளைவு வரும். கடைசியில் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள் பாருங்கள், அங்கேதான் சூட்சுமம். சூடு கூடினால் வாய் உடைந்துபோகும். குறைந்தால் முனை மடங்கிவிடும். சரியான நேரம் எது என்பதை இரும்பின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார் கொல்லர். அவருடைய மீட்டர் அவருடைய கண்தான்.

அமெரிக்காவில் கையால் செய்த கத்திகளைச் சேகரிக்க ஒரு கூட்டமே இருக்கிறது. பாப் லவ்லெஸ் என்று ஒருவர், 2010-ல் காலமானார். அவர் செய்த கத்திகள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. அலகில் அவர் பெயர் இருக்கும். பக்கத்தில் ‘மேக்கர்’ என்றிருக்கும். ஊர்ப் பெயரும் இருக்கும். ‘இதைச் செய்தது நான்’ என்று கத்தியே சாட்சி சொல்லும்.

நம்மூரில்? உங்கள் வீட்டு அரிவாளை எடுத்துப் பாருங்கள். ‘திருப்பாச்சி அருவா’ என்று ஊர்ப் பெயர் சொல்லுவீர்கள். 2005-ல் அந்தப் பெயரில் விஜய் படமே வந்தது. ஆனால், அடிச்சது யார்?

நான் காமர்ஸ் படித்தவன். காஸ்ட் ஷீட்டில் இரும்புக்கு ஒரு கட்டம் உண்டு, கரிக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று. கண் பார்த்துச் சூடு சொல்லும் திறமைக்குக் கட்டம் கிடையாது. அது ‘குட்வில்’ என்ற கணக்கில்தான் வர முடியும். குட்வில் சேர வேண்டுமானால் ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாதவருக்குக் கூலி மட்டும்தான். அதிலும் நாம், ‘என்னப்பா, ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவா?’ என்று பேரம் பேசுவோம்!

இன்னொரு வேடிக்கை. 2021 செப்டம்பரில் ரவுடிகள் வேட்டை நடந்தபோது, அரிவாள், கத்தி வாங்குகிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்கும்படி பட்டறைகளுக்கு போலீஸ் சொன்னது. கேமராவும் பொருத்தச் சொன்னது. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் யோசியுங்கள்... தேங்காய் வெட்டவும் கருவேலம் கழிக்கவும் அடித்துக் கொடுத்த அரிவாளை எவனோ ஒருவன் கொலைக்குத் தூக்கினால், பட்டறைக்காரருக்கும் விசாரணை. அதே அரிவாள் இருபது வருஷம் ஒரு குடும்பத்துக்கு உழைத்தால்? அவரைத் தேடி யார் போனார்கள்?

பழி வரும்போது ஆளைத் தேடுகிறோம். பாராட்டு வரும்போது பொருளோடு நின்றுவிடுகிறோம். கடன் என்று நான் சொல்வது இதைத்தான். நல்ல பொருளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தும், அவரைத் தெரிந்துகொள்ளாமலே ரசிப்பது பாதி ரசனைதான். மீதிப் பாதி, பாக்கி.

பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். அடுத்த முறை அரிவாளோ, அரிவாள்மனையோ, மண்பானையோ வாங்கும்போது பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதற்கு முன்னால், ‘இதைச் செஞ்சது யாருண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் தெரிந்த பிறகு பேரம் பேச வாய் வருகிறதா என்று பாருங்கள்.

வராது.