நான்கு விநாடியும் மூன்று பெண்களும்

2024 ஆகஸ்ட் 5 அன்று பாரீஸின் பெர்சி அரங்கில் ஒலிம்பிக் மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸின் தரைப் பயிற்சி இறுதிச் சுற்று நடந்தது. தங்கத்தையும் வெள்ளியையும் பற்றி யாருக்கும் வழக்கில்லை. பிரேசிலின் ரெபெக்கா ஆண்ட்ராடே 14.166 எடுத்து முதலிடம் பிடித்தார். கோட்டைத் தாண்டியதற்காக மட்டும் 0.6 இழந்த சிமோன் பைல்ஸ் 14.133 எடுத்து இரண்டாமிடம் வந்தார். வழக்கெல்லாம் வெண்கலத்தைப் பற்றித்தான். அது ஒரு கழுத்தில் ஏறி, இறங்கி, இன்னொரு கழுத்துக்குப் போனது. மூன்றாவது ஒருத்திக்கும் அதில் பாத்தியதை உண்டு. அவளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நடந்தது இதுதான். ருமேனியாவின் அனா பார்போசு, சப்ரினா மனேகா-வொய்னியா இருவரும் தலா 13.700 பெற்றார்கள். மதிப்பெண் சமமானால், செய்நேர்த்திக்குக் கூடுதல் மதிப்பெண் வாங்கியவர் முன்னால் நிற்பார். அப்படி அனா மூன்றாமிடத்தில் நின்றார். கடைசியாகக் களமிறங்கிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு 13.666. பதினெட்டு வயது அனா நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு கொண்டாடத் தொடங்கிவிட்டார். அதற்குள் ஜோர்டனின் பயிற்சியாளர் செசில் லாண்டி, ஒரு தாவலுக்கு உரிய கடினத்தன்மைப் புள்ளி விடுபட்டிருக்கிறது என்று மறுபரிசீலனை கேட்டார். நடுவர்கள் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டார்கள். 0.1 கூடி 13.766 ஆனது. அனா கையிலிருந்த கொடி தரையில் விழுந்தது. மேடையில் ஜோர்டன் ஏறினார்.

ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நாள் கழித்து அந்த மன்றம் சொன்னது: கடைசியாகக் களமிறங்குபவர் மதிப்பெண் திரையில் தெரிந்த ஒரு நிமிடத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், ஜோர்டன் தரப்பு கேட்டது 1 நிமிடம் 4 விநாடியில், ஆகவே அந்த 0.1 செல்லாது. ஜோர்டன் ஐந்தாமிடத்துக்கு இறங்கினார். ஆகஸ்ட் 16 அன்று புக்காரெஸ்ட்டில் வெண்கலம் அனாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இது நியாயமா என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அநேகமாக அது அவரவர் கொடியைப் பொறுத்திருக்கிறது. கொடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். நீதியைப் பற்றி நாம் சாதாரணமாக நம்புகிற மூன்று விஷயங்கள், இந்தப் போட்டியில் மூன்று வெவ்வேறு பெண்களைக் காட்டுகின்றன.

எழுதிய விதி எழுதியபடி நடக்க வேண்டும் என்பவருக்கு வெண்கலம் அனாவுடையது. களத்தில் நடுவர் முடிவே கடைசி முடிவு, மேடை இறங்கியபின் கிளறக் கூடாது என்பவருக்கு அது ஜோர்டனுடையது. யார் உண்மையில் நன்றாகச் செய்தாரோ அவருக்கே போக வேண்டும் என்பவர்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சப்ரினாவுக்குக் கோட்டைத் தாண்டியதாக 0.1 கழித்திருந்தார்கள். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பலர், குதிகால் வெளியே போனாலும் தரையைத் தொடவில்லை என்றார்கள். அது சரியென்றால் சப்ரினாவின் மதிப்பெண் 13.800. ஜோர்டனின் திருத்திய மதிப்பெண்ணையும் அது மிஞ்சுகிறது. களத்து நடுவர் கண்ணால் கண்டு எடுத்த முடிவில் தலையிடுவதில்லை என்பது அந்த மன்றத்தின் நெடுநாள் கொள்கை. சப்ரினாவின் மனு தள்ளுபடியானது. அவருக்கு வயது 17.

ஜோர்டனுக்காகப் பரிந்து பேசியவர்களில் பெரும்பாலோர் வைத்த வாதம், அந்தத் தாவலை அவர் செய்தார், அதற்குரிய புள்ளி அவருடையது என்பது. அந்த 0.1 அவர் உடம்பால் ஈட்டியது, எவரும் மறுக்கவில்லை. ஆனால் உடம்பால் ஈட்டியதே அளவுகோல் என்றால், அதே மூச்சில் சப்ரினாவின் குதிகாலையும் பார்த்தாக வேண்டும். உண்மையை நமக்கு வேண்டிய இடம் வரைக்கும் மட்டும் துணைக்கு அழைத்துவிட்டு அப்புறம் அனுப்பிவைக்க முடியாது.

சரி, விதியையாவது கறாராகப் பிடித்துக்கொள்ளலாமா? நான்கு விநாடி ஒரு பெரிய விஷயமா என்று பலர் ஏளனமாகக் கேட்டார்கள். அந்த ஏளனம் தவறு. அனா 13.700, ஜோர்டன் முதலில் 13.666; இடைவெளி 0.034. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.033. ஒரு பாதம் அரை அடி நகர்ந்தால் ஒரு நாட்டின் பதக்கம் போகிற விளையாட்டில், எந்தச் சிறு எண்ணையும் சிறிது என்று தள்ள முடியாது. கெடு என்று ஒன்று இருப்பது மற்றவருக்குத் தரும் வாக்குறுதி. அந்த நிமிடம் கழிந்துவிட்டால் உன் இடம் உனக்குத்தான் என்று அனாவிடம் சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பித்தான் அவர் கொடியை எடுத்தார். அதை உடைத்தால் அனாவுக்கு இழைக்கும் அநீதியும் மெய்யான அநீதிதான். ருமேனியர்களுக்கு இந்தக் காயம் புதிதுமல்ல. 2012 லண்டனில் பீம் இறுதிச் சுற்றில் கேட்டலினா போனோர் மூன்றாமிடத்தில் இருந்தார். அமெரிக்காவின் அலி ரைஸ்மன் தரப்பு மறுபரிசீலனை கேட்டு 14.966-ஐ 15.066 ஆக்கியது. மதிப்பெண் சமமாகி, செய்நேர்த்தியில் முந்திய ரைஸ்மனுக்கு வெண்கலம் போனது. அன்று எல்லாம் விதிப்படி நடந்ததாகவே கொள்ளப்பட்டது. பாரீஸில் ருமேனியத் தரப்பு கெடிகாரத்தைப் பார்க்கச் சொன்னதில் வியப்பில்லை.

ஆக, கெடுவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் கெடுவை மதிக்கச் சொல்கிறவர் முதலில் அதை அளந்திருக்க வேண்டும். வழக்கின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. கோரிக்கையை வாயால் சொன்னால் போதும், எழுத்து பின்னால் வரலாம் என்கிறது விதி. அந்த வாய்ச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் யார் என்று சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தால் மன்றத்தில் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் தாண்டிவிட்டதா என்று அந்தக் கணத்தில் பார்க்கவோ தடுக்கவோ அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. கோரிக்கை வந்தது, நல்லெண்ணத்தில் ஏற்றுக்கொண்டோம் என்பதுதான் பதில். மின்னணுப் பதிவில் இருந்த 1 நிமிடம் 4 விநாடி, பின்னால் எடுத்துப் பார்த்த கணக்கு. தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்க சம்மேளனம் ஒரு காணொளியைக் கொண்டுவந்தது. அதில் லாண்டி 47-வது விநாடியிலேயே முதல் தடவை கேட்டுவிட்டார், 55-வது விநாடியில் மறுபடியும் கேட்டார் என்றது. மன்றமோ, தீர்ப்பை மீண்டும் திறக்க எங்கள் விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. ஜோர்டன் செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில், மாலை ஐந்து மணிக்கு முன்பே வரிசையில் வந்து நின்று தாளை நீட்டிய மாணவியிடம், முத்திரை குத்தும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் நாம் யாரைக் குறை சொல்வோம்? சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைத்தான்.

விதியில் இன்னொரு கோணலும் இருக்கிறது. மற்றவர்கள் அடுத்த வீராங்கனையின் மதிப்பெண் திரையில் வரும்வரை மறுபரிசீலனை கேட்கலாம். அடுத்தவர் தயாராகி, ஒன்றரை நிமிடம் வரை ஆடி, நடுவர்கள் கூடி எண்ணைப் போட வேண்டும். அதற்குப் பல நிமிடம் ஆகும். கடைசியாக ஆடுபவருக்கு மட்டும் ஒரே ஒரு நிமிடம். கடைசி இடம் திறமையால் வருவதல்ல, குலுக்கலில் விழுவது. விதியின் முன் எல்லோரும் சமம் என்று பேசுகிறவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இந்த மன்றமே நடைமுறையில் எவ்வளவு கறாராக இருந்தது என்றும் கேட்கலாம். வழக்கு பற்றிய அறிவிப்புகள் தவறான மின்னஞ்சல் முகவரிகளுக்குப் போய், விசாரணைக்கு முந்தைய நாள்தான் அமெரிக்கத் தரப்புக்கு முறையாகத் தெரிய வந்தது. நான்கு விநாடியை மன்னிக்காத இடத்தில் மூன்று நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது.

அதே பாரீஸில், அதே மன்றத்தின் முன் நின்ற இன்னொரு பெண் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியன்று காலை எடையில் 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதி இழந்தார். வெள்ளியைப் பகிர்ந்து தரக் கேட்ட மனு ஆகஸ்ட் 14 அன்று தள்ளுபடியானது. இந்தியாவில் பலர் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. அங்கே தராசு இருந்தது; எல்லோர் கண்ணெதிரிலும் நிறுத்தார்கள்; போட்டி தொடங்குமுன் முடிவைச் சொன்னார்கள். வினேஷுக்கு நேர்ந்தது கொடியது, ஆனால் அளவு நடந்தது. ஜோர்டன் விஷயத்தில் தராசே வைக்காமல், பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, ஐந்து நாள் கழித்துத்தான் தராசைத் தேடினார்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றைப் புரட்டினால் ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது: தவறு ஒருவருடையது, விலை இன்னொருவருடையது. 2000 சிட்னியில் ருமேனியாவின் 16 வயது ஆண்ட்ரியா ரடுகான் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கத்தை இழந்தார். ஜலதோஷத்துக்கு அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. 2004 ஏதென்ஸில் தென்கொரியாவின் யாங் டே-யங்குக்கு இணைக் கம்பிகளில் தொடக்க மதிப்பை 0.1 குறைத்துப் போட்டார்கள். அவர் 0.049 வித்தியாசத்தில் தங்கத்தைத் தவறவிட்டு வெண்கலம் பெற்றார். முறையீடு நேரத்தோடு வரவில்லை என்று அதே மன்றம் தள்ளியது. சர்வதேச சம்மேளனம் மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்து தவறை ஒப்புக்கொண்டது. பிறகு அதன் தலைவர் புரூனோ கிராண்டி, தங்கம் வென்ற அமெரிக்கர் பால் ஹாமுக்கு ஒரு கடிதம் எழுதி, அதைத் தானாகத் திருப்பிக் கொடுப்பது பெருந்தன்மை என்ற தொனியில் கேட்டார். நடுவர்கள் செய்த பிழைக்கு விளையாடியவன் பிராயச்சித்தம் செய்ய வேண்டுமாம்! பெருந்தன்மை கடன் பத்திரமல்ல, பிறர் பேரில் எழுதி வாங்க. அமெரிக்க ஒலிம்பிக் குழு மறுத்ததில் தவறே இல்லை. பாரீஸுக்குப் பிறகு ஜோர்டனிடம் பதக்கத்தைத் திருப்பிக் கொடு என்று இணையத்தில் கூச்சலிட்டவர்களுக்கும், நிறத்தைச் சொல்லி இழிவாகத் திட்டியவர்களுக்கும், அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே அல்ல. அனாவும் அப்படித்தான். இருவரும் சொல்லிக்கொடுத்ததைச் செய்தார்கள், யாரையும் ஏமாற்றவில்லை.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்று பேருக்கும் வெண்கலம் கொடுத்திருக்க வேண்டும். இது மனமிளகிப் பேசும் பேச்சல்ல. ருமேனிய சம்மேளனமே மன்றத்தில் அதைத்தான் கேட்டது. வெல்லும் வாய்ப்புள்ள தரப்பு, தோற்கக்கூடிய தரப்புக்கும் பங்கு கேட்ட அரிதான வழக்கு இது. நியாய உணர்வின்படி முடிவெடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இருந்திருந்தால் மூவருக்கும் கொடுத்திருப்போம் என்று மன்றமும் எழுதி வைத்தது. நேரத்தை அளக்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் இவ்வளவு வேதனையும் தவிர்ந்திருக்கும் என்றும் சொன்னது. சர்வதேச சம்மேளனம் மட்டும் ஒப்பவில்லை. யாருடைய கவனக்குறைவால் இந்தச் சிக்கல் பிறந்ததோ, அவரிடமே தீர்வின் சாவியும் இருந்தது.

பகிர்ந்தால் பதக்கம் மலிந்துவிடும், நாளைக்குத் தோற்றவர்கள் எல்லாம் வழக்குப் போடுவார்கள் என்ற அச்சம் ஒதுக்கத்தக்கதல்ல. தோற்றவர் அழுதால் மட்டும் பதக்கம் தரலாகாது. ஆனால் இங்கே காரணம் அழுகையல்ல; போட்டியை நடத்தியவரே தன் விதியைக் காக்கத் தவறியது. அந்த ஒரு நிபந்தனையை வைத்துவிட்டால் கதவு அகலத் திறந்துவிடாது. மலிவு என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 2015 கிளாஸ்கோ உலகப் போட்டியில் சமமற்ற கம்பிகள் இறுதிச் சுற்றில் நான்கு பெண்கள் 15.366 எடுத்தார்கள். நான்கு பேருக்கும் தங்கம் கொடுத்தார்கள். அந்த நால்வரில் எவரையும் அரைகுறைச் சாம்பியன் என்று யாரும் சொல்வதில்லை. 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பனிச்சறுக்குத் தீர்ப்பில் ஊழல் வெளிப்பட்டபோது ஒலிம்பிக் குழுவே இரண்டாவது தங்கம் கொடுத்திருக்கிறது. முன்னுதாரணம் இல்லை என்று சொல்ல முடியாது. மனம்தான் இல்லை.

இனி ஒவ்வொரு இறுதிச் சுற்றிலும், மதிப்பெண் தெரிந்த கணம் முதல் ஓடும் கெடிகாரம் பார்வையாளருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியும்படி திரையில் ஓட வேண்டும். கோரிக்கையை வாங்குபவர் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும். கடைசியாக ஆடுபவருக்கும் மற்றவருக்குக் கிடைக்கும் அளவு அவகாசம் வேண்டும். கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை, யாரும் கேட்காமலே காணொளியில் பார்க்க வேண்டும். பாரீஸைப் பொறுத்தவரை, எந்த நீதிமன்றம் எந்தப் பக்கம் தீர்த்தாலும், மேலும் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வார்க்கச் சர்வதேச சம்மேளனமும் ஒலிம்பிக் குழுவும் முன்வர வேண்டும். அதில் ஒன்றை முதலில் சப்ரினா மனேகா-வொய்னியாவுக்குக் கொடுக்க வேண்டும்.