கேணி நீரும் கள்ளாமையும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் ஆவியூருக்கு அப்பால் உள்ளது காரியாபட்டி. மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைத்த கரிசல் நிலங்கள் பல, இன்று அளவுக்கல் நடப்பெற்று வீட்டுமனைகளாகிவிட்டன. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தை விட்டுப் பணியின் பொருட்டுத் தெற்கே வந்த நாம், அத்தகைய மனைப்பகுதி ஒன்றில் வீடு கட்டிக் குடியேறினோம்.

கிராமத்தில் நாம் இன்னார் மகன், இன்னார் பேரன் என்பது தெருவுக்கே தெரியும். இங்கோ நாம் 'மூன்றாம் தெரு மஞ்சள் வீட்டுக்காரர்'. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளுயரச் சுற்றுச்சுவர், தனித் தொட்டி, தனி ஆழ்குழாய்க் கிணறு. ஊருணிக் கரையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆகவேண்டியிருந்தது. இங்கு அந்தத் தேவையே இல்லை. மெய்யாகச் சொன்னால் அது நமக்கு இதமாகவே இருந்தது. பிறருக்கு இடையூறின்றி வாழ இதனினும் ஏற்ற இடம் உண்டோ என்றுகூட எண்ணினோம்.

அவ்வெண்ணம் ஒரு கோடையில் கலைந்தது. அடுத்த வீட்டு முதிய அம்மையார் சுவரருகே வந்து நின்றார். "உங்க போரு ஓடுறப்ப எங்களுக்கு வெறும் காத்துதான் வருதுங்கய்யா" என்றார். அவருடையது பல ஆண்டுகளுக்கு முன் 180 அடியில் இட்டது; நம்முடையது 420 அடி. அவர் குரலில் சினம் இல்லை. நமக்குத்தான் சினம் வந்தது. நம் மனையில், நம் பொருளைச் செலவிட்டு இறக்கிய குழாய். இதில் நம் குற்றம் என்ன?

சட்டமும் நம் பக்கமே நின்றது. வரையறுத்த ஓடையாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்கொள்ள நிலவுடைமையாளருக்கு உரிமை உண்டு என்பது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதற்கு முன்பே, 1843இல், இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் பஞ்சாலை ஒன்றின் கிணறு வற்றியபோது, ஆலைக்காரருக்கு ஈடு கேட்க உரிமையில்லை என்று அந்நாட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆனால் இப்பகுதியின் அடிநிலம் பாறை. நீர் நிற்பது பாறையின் சிதைந்த மேற்பகுதியிலும் அதன் வெடிப்புகளிலும்தான். அவ்வெடிப்புகள் நம் அளவுக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. ஆதலின் நாம் இறைத்த நீர் எவருடையது என்னும் வினா, சட்டம் முடிந்த இடத்தில்தான் தொடங்கியது.

கொடாததைக் கொள்வது களவு என்பது இல்லறத்தார் ஏற்கும் கள்ளாமை அணுவிரதத்தின் பொருள். அமிர்தசந்திராசாரியார் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இவ்விரதத்தைக் கூறுமிடத்து, கிணற்று நீர் போன்றவற்றைக் கொள்வதை விட இயலாதோர், கொடாத பிற அனைத்தையுமேனும் விடவேண்டும் என்று ஒரு விலக்கு அளிக்கிறார். இவ்விலக்கை நாம் ஓர் உரிமைச்சீட்டாகவே நெடுநாள் கருதியிருந்தோம். அன்று மாலை மறுபடி எண்ணிப் பார்த்தபோது, விலக்கு வேண்டியிருந்தது என்பதே, பொதுநீரும் கொடாத பொருள்களுள் வைத்து எண்ணப்பட்டது என்பதைக் காட்டிற்று. மேலும் அக்காலத்தில் நீருக்குக் கயிறும் குடமும் கையின் வலியும் அளவாயிருந்தன. எவராலும் கயிறு இழுத்து அடுத்தவர் கிணற்றை வற்றச் செய்திருக்க முடியாது. நீர்மூழ்கி மோட்டாருக்குக் கை வலிப்பதில்லை.

ஆவியூரை ஒட்டிய குறண்டியில் ஒரு காலத்தில் திருக்காட்டாம்பள்ளி விளங்கியதையும், அப்பள்ளியைச் சார்ந்தோர் பெயர்கள் மதுரைச் சமணர் மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் இருப்பதையும் நம்மவர் பலர் அறிவர். கமண்டலம் ஏந்தியோர் நடந்த மண்ணில் நாம் ஆயிரம் லிட்டர்த் தொட்டி வைத்து, அது நிரம்பி வழியும் ஓசை கேட்ட பிறகே மோட்டாரை நிறுத்தி வந்தோம்.

ஆயினும் நாம் முதலில் செய்தது வேறு. நாள்தோறும் பத்துக் குடம் நீரை அம்மையாருக்குக் கொடுத்தோம். தானம் செய்ததாக உள்ளூர மகிழ்ந்தோம். அவரும் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னார். அந்த நன்றிதான் உறுத்தத் தொடங்கியது. எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதற்குத் தானம் என்று பெயரிடலாமா? பெறுபவர் தலைகுனிய, எடுத்தவர் நிமிர்ந்து நிற்பது எவ்வகை அறம்?

'நீங்கள் நிறுத்தினால் வேறொருவர் 600 அடி இறக்குவார்' என்றார் நண்பர் ஒருவர். இறக்கலாம். அதற்கு நம்மிடம் முழு விடை இல்லை. பிறர் செய்வது உறுதி என்பதால் நாம் செய்வது குற்றமில்லை என்று கொண்டால், ஐந்து விரதங்களில் ஒன்றும் மிஞ்சாது என்பதை மட்டும் அவரிடம் கூறினோம்.

இப்போது காலை ஆறு முதல் எட்டு மணிவரை நம் மோட்டார் ஓடுவதில்லை. அந்நேரத்தில் அம்மையாரின் குழாயில் சில குடங்கள் வருகின்றன. நம்மிடம் கேட்க வேண்டிய நிலை அவருக்குப் பெரும்பாலும் இல்லை. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டு அரசு 2003இல் கட்டாயமாக்கியது. நாமும் வீடு கட்டும்போது ஒரு குழி வைத்தோம், ஒப்புக்காக. அது மண் மூடிக் கிடந்தது. அதைத் தூர்வாரி, மாடி நீரின் ஒரு பாதியைச் சுவருக்கு அப்பால் அவர் வளவிலுள்ள குழிக்குத் திருப்பினோம். சுவரில் துளையிட்ட அன்றுதான் அவர் பிள்ளைகள் எங்கிருக்கிறார்கள் என்பதையே கேட்டறிந்தோம்.

எதிர்வீட்டாரும் காலையில் மோட்டாரை நிறுத்த இசைந்துள்ளார். கோடிவீட்டு வாயிலில் மும்முறை நின்று அழைத்தும் கதவு திறக்கப்படவில்லை. அவர் பெயரைத் தெருவில் விசாரித்தோம், எவருக்கும் தெரியவில்லை.