உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்



கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்கிறார் (லூக்கா 14:28). சீடனாவதற்குரிய விலையைப் பற்றிய போதனை இது. ஆயினும் உவமையை அவர் எடுத்தது சாதாரண மனிதரின் வரவு செலவிலிருந்தே.

நம் மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் இன்று எழும்பும் கோபுரங்கள் எவை? அகன்ற தொலைக்காட்சிப் பெட்டி, விலை உயர்ந்த கைத்தொலைபேசி, முதல் நன்மைக்கு ஊர் மெச்சும் விருந்து. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது முதல் பிறநாட்டுப் பொருள்கள் கடைகளில் நிறைந்தன. போர் ஓய்ந்தபின் கடன் கொடுப்போர் வாசலுக்கே வந்தனர்.

நல்ல பொருளை விரும்புவது பாவமன்று. போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் வீடு வாசல் இழந்தவர்களுக்கு அந்த ஆசை இயல்பானதே. ஏழையின் ஆசையை மட்டும் குற்றமென்பது நீதியுமன்று. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்?

வாவியில் வலை வீசுகிறவருக்கு இறால் படும் நாளும் உண்டு, வெறுந்தோணியோடு திரும்பும் நாளும் உண்டு. தவணை நாளோ மாரியும் பாராது, கோடையும் பாராது. ஒரு லட்சம் ரூபாப் பொருளை மாதம் 6,000 ரூபா வீதம் 24 மாதத் தவணைக்கு எடுத்தால், கட்டி முடிப்பது 144,000 ரூபா. மேலதிகமான 44,000 ரூபா எங்கிருந்து வரும்? பிள்ளையின் பால்மாவிலிருந்தும் தாயின் அடகு நகையிலிருந்தும் அன்றோ! பின்னர் கடனை அடைக்க மறுகடன். முடிவில் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுத் தாய் மத்திய கிழக்குக்குப் பயணமாகிறாள்.

2018இல் வறட்சி கண்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியதாயிற்று. அவை எல்லாம் ஆடம்பரக் கடன்களல்ல. சோற்றுக்கும் மருந்துக்கும் வாங்கியவையும் உண்டு. அத்தகைய சுமை தாங்கும் வீட்டின்மேல் ஆடம்பரத் தவணையையும் ஏற்றலாமா?

உடைமைகள் பெருகுவதால் மட்டும் மனிதன் நிறைவடைவதில்லை என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987இல் தமது சுற்றுமடலில் எடுத்துரைத்தார். வசதி படைத்தோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டு விருந்தின் பகட்டு அயலவரைக் கடனுக்குள் தள்ளக்கூடும்.

ஆகவே, தவணைப் பத்திரத்தில் கையொப்பம் இடுமுன், ஓரிரவு செபமாலை முடிந்ததும் கணவனும் மனைவியும் உட்காருங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தொழில் இல்லாத மாதத்தில் எப்படிக் கட்டுவோம்? இதற்காக வீட்டில் யாருடைய தேவை குறையும்? அயலவர் எவரும் பாராவிட்டாலும் இது நமக்கு வேண்டுமா?

விடை தெளிவாகாவிட்டால் பொறுத்திருங்கள். அந்த 6,000 ரூபாவில் இயன்றதை மாதந்தோறும் சேமியுங்கள். நாள் செல்லும், ஆனால் வாங்கும் பொருள் உங்களுடையதாக இருக்கும், பிள்ளைகளின் பசி அதில் கலந்திராது. நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.