நாற்பது பேர் இருந்தால் ஒரு கோயில்

செவ்வாய்க்கிழமைகளில் பாரிமுனைப் பக்கம் போனால் ஆர்மீனியன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தோணியார் கோயில் கூட்டம் அப்படி. மெழுகுவத்தியும் மாலையுமாக, சாதி மதம் பார்க்காமல் வருகிற கூட்டம். வேலை கிடைக்கவேண்டும், பிள்ளை பிறக்கவேண்டும், தொலைந்தது திரும்பவேண்டும். அதே தெருவில், கொஞ்சம் தள்ளி, இன்னொரு மாதா கோயில் இருக்கிறது. அதற்குள் போய் எதையும் கேட்க ஆள் இல்லை. மதராஸில் குடியிருந்த ஆர்மீனியர்கள் கட்டியது. கட்டியவர்களின் வழிவந்தவர்கள் இப்போது ஊரில் இல்லை. உள்ளே நுழைந்து பத்தடி நடந்தால் தெருவின் சத்தம் பாதியாகிவிடுகிறது.

வேண்டுதலே இல்லாத கோயிலில் என்ன செய்வது? உட்கார்ந்தால் போதும் போலிருக்கிறது.

*

1688-இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, மறுபக்கம் ஆர்மீனிய வணிகர்கள் சார்பில் கோஜா பானோஸ் கலந்தர். பாரசீகத்துப் பட்டும் இந்தியத் துணியும் இனி கம்பெனிக் கப்பலில் போகவேண்டும் என்பதுதான் பேச்சின் மையம். அதோடு ஒரு சலுகையையும் சேர்த்தார்கள். கம்பெனியின் ஊர்களில் எங்கே நாற்பது ஆர்மீனியர் குடியிருந்தாலும் அவர்களுக்கு நிலம் கொடுத்து, மரத்தால் ஒரு கோயில் கட்டித் தருவோம். குருவானவருக்கு ஏழு வருஷம், வருஷத்துக்கு 50 பவுண்டு தருவோம்.

தலையை எண்ணித் தரும் கோயில். கம்பெனிக்கு இது வியாபாரக் கணக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டு வாங்கியவர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களுடைய பாட்டன்மார்களை ஷா அப்பாஸ் 1600-களின் தொடக்கத்தில் சொந்த ஊரிலிருந்து கிளப்பி இஸ்பகானுக்குப் பக்கத்தில் குடியேற்றினான். புது ஜுல்ஃபா என்று அந்த இடத்துக்குப் பழைய ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து கடல் கடந்து போகிறவனுக்குச் சுங்கத்தில் என்ன சலுகை என்பது ஒரு கவலை. போன இடத்தில் செத்தால் நம் பாஷையில் ஜெபம் சொல்லி அடக்கம் செய்ய யார் இருப்பார்கள் என்பது இன்னொரு கவலை.

*

மதராஸில் அப்படி ஒரு கோயில் 1712-இல் எழுந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1749-இல் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள், ஆர்மீனியரும் கத்தோலிக்கரும் எதிரியோடு உறவாடினார்கள் என்று சந்தேகப்பட்டு, கோட்டைக்குள் அவர்களுக்கு வீடு கூடாது என்றார்கள். கோயில் கட்டித் தருவதாகச் சொன்ன அதே கம்பெனிதான்.

இப்போது நிற்கும் கட்டடம் 1772-இல், தங்கள் மனிதர்களை ஆர்மீனியர்கள் ஏற்கெனவே புதைத்திருந்த இடத்தில் எழுப்பியது. வழக்கமாகக் கோயிலைச் சுற்றிக் கல்லறைகள் வரும். இங்கே இறந்தவர்கள் முதலில் வந்து இடம்பிடித்திருக்கிறார்கள்.

*

சுமார் 350 பேர் இந்த வளாகத்தில் இருப்பதாகக் கணக்கு. கற்கள் தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. எங்கே நடந்தாலும் யாரையாவது மிதிக்கவேண்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றினாலும் நமக்கு மனம் ஒப்புவதில்லை. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர். ஆனால் ஆர்மீனிய மடங்களில் பெரிய மனிதர்களை வாசல் மண்டபத்துத் தரையிலேயே புதைப்பது பழைய வழக்கம். வருகிறவன் மிதித்துக்கொண்டு போகட்டும் என்றே அப்படிச் செய்தார்களாம். பணிவு என்பதைச் சிலர் செத்த பிறகுதான் பயில முடிகிறது.

குனிந்து பார்த்தால், ஆள் நடக்கும் நடுப்பகுதியில் எழுத்து மழுங்கியிருக்கிறது. ஓரங்களில் விரல் வைத்தால் இன்னும் வெட்டு தெரிகிறது. கொக்கி கொக்கியான எழுத்துகள். நமக்கு ஒன்றும் புரியாது. தெருவில் போகிறவனுக்குப் புரியவேண்டும் என்று செதுக்கவும் இல்லை.

*

மணிகள் வேறு விதம். கோயிலை ஒட்டித் தனியாக ஒரு மணிக்கூண்டு. ஆறு மணிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ. எல்லாம் ஒரே காலத்தில் வந்தவையும் அல்ல. 1754-ஐச் சேர்ந்த ஒன்றில் ஆர்மீனிய எழுத்து; இப்போதைய கட்டடத்தைவிட அதற்கு வயது அதிகம். இரண்டு மணிகள் 1837-இல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் வார்த்தவை. பிற்பாடு பிக் பென் மணியை வார்த்த அதே ஒயிட்சேப்பல் பட்டறை. 1808-இல் உருக்கி மறுபடி வார்த்த ஒன்றில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

எனக்கு அந்த ஒன்றுதான் பிடித்தமானது. கல்லறைக்கல் தன் ஜனத்தோடு மட்டும் பேசினால் போதும். மணியோசை சுவரைத் தாண்டி முத்தியால்பேட்டைக்கும் போகிற சங்கதி. அக்கம்பக்கத்தாரின் எழுத்தும் அதில் இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இல்லை, வார்த்தவன் தமிழனாக இருந்து தன் வசதிக்குப் பொறித்தானோ என்னவோ.

*

ஹாருத்தியுன் ஷ்மாவோனியன் இங்கே குருவானவர். ஷிராஸில் பிறந்தவர். இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு, பாரசீகத்தில் சூஃபித் துறவிகளோடு வருஷக்கணக்கில் ஒதுங்கியிருந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படி ஒதுங்கிய மனிதர், திரும்பி வந்து மதராஸில் அச்சகம் வைத்தார். 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைக் கொண்டுவந்தார். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். கப்பல் வரவு, சரக்கு விலை, ஊர்ச்செய்தி, பழைய நூல்களிலிருந்து சில பக்கங்கள். சந்தா கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 18 இதழ்களோடு 1796-இல் நின்றுபோனது. சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அவர் தேர்ந்துகொண்ட காரியத்தை. புத்திரசோகம் மனிதனை மௌனத்துக்குக் கொண்டுபோகும் என்பது தெரிந்ததுதான். அந்த மௌனத்திலிருந்து எழுந்து வந்தவர் மிளகு விலையையும் கப்பல் வரும் தேதியையும் அச்சுக்கோத்திருக்கிறார். அதற்குக் குறைவாக எதுவும் அவருக்கு உதவியிருக்காது என்று தோன்றுகிறது. 1824-இல் மதராஸிலேயே காலமாகி இந்த வளாகத்தில் அடங்கினார். ஆர்மீனியாவில் ஆண்டுதோறும் அக்டோபர் 16 பத்திரிகையாளர் தினம். இந்த இதழின் நினைவாகத்தான். நம் ஊரில் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு இரண்டு தெரு தள்ளி நடப்பவர்களுக்கு இது தெரியவேண்டிய அவசியமும் இல்லைதான்.

*

ஷ்மாவோனியனுக்கு முன்பே இங்கே ஓர் அச்சகம் இருந்தது. கோயில் எழுந்த அதே 1772-இல் ஷஹாமிர் ஷஹாமிரியன் என்ற வணிகர் தொடங்கியது. அங்கிருந்து வந்த ஒரு புத்தகம் ஆர்மீனியர்களை அடிமைத்தூக்கத்திலிருந்து எழச் சொன்னது. எச்மியாட்ஸினில் இருந்த தலைமைக் குரு சிமியோன் அதை எரிக்கச் சொன்னார். பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் நடுவில் சபையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவருக்கு மதராஸ் வியாபாரியின் வீரம் விபரீதமாகப் பட்டதில் வியப்பில்லை. ஷஹாமிரியன் ஓயவில்லை. அடுத்து வந்த நூல், இல்லாத ஒரு நாட்டுக்கு 521 பிரிவுகளில் அரசியல் சட்டம் வகுத்தது. கையில் ஒரு முழ மண் இல்லாமல், பாரிமுனையில் உட்கார்ந்துகொண்டு.

*

இன்று நிர்வாகம் கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியச் சபையின் கையில். எப்போதாவது அங்கிருந்து குருவானவர் வந்தால் பூசை நடக்கும். மற்றபடி ஞாயிறு காலை 9.30-க்குக் காவலர் மணி அடிப்பதோடு சரி. இதை எழுதுகிறவர்கள் உடனே சோக ராகம் எடுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது பேர் என்ற விதிப்படி பார்த்தால் இந்தக் கோயிலுக்குத் தகுதி போய் வெகுகாலம் ஆயிற்று. விதி போட்ட கம்பெனியும் போயிற்று. வெள்ளையடிப்பது நிற்கவில்லை.

ஆர்மீனிய வணிகர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். 1751-இல் இறந்த கோஜா பெத்ரூஸ் உஸ்கான் வேப்பேரியில் புதைக்கப்பட்டவர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியவரும் பரங்கிமலைக்குப் படி போட்டவரும் அவர்தான். கட்டிக் கொடுத்ததோடு விடாமல், இரண்டின் பராமரிப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.