பாடகனுக்குப் பட்ட கடன்

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி பிற்பகலில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் சென்னையில் காலமானார் என்ற செய்தி பரவியபோது, தஞ்சைத் தரணியில் குறுவை அறுவடைக் காலம். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீரில் விளைந்த நெல் களத்துக்கு வந்துகொண்டிருந்த அந்நாட்களில், தொற்றுநோய்க்கு அஞ்சி ஒருவர் வீட்டு வாசலை மற்றொருவர் மிதிக்கத் தயங்கிய அந்த வேளையில், டீக்கடையிலும் களத்துமேட்டிலும் அவருடைய குரலே ஒலித்தது. அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டிராதவர்கள், சொந்த வீட்டில் சாவு விழுந்தாற்போல் கண் கலங்கினார்கள்.

இந்தத் துக்கம் மெய்தானா என்று கேட்டவர்கள் உண்டு. முகம் பார்த்துப் பழகாத ஒருவருக்காக அழுவது சினிமா மயக்கம் என்று பகுத்தறிவின் பெயரால் சிலரும், நிலையாமையை உணராத மாயை என்று வேதாந்தத்தின் பெயரால் சிலரும் சொன்னார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி மாலை 6 மணிக்கு, பாரதிராஜாவின் அழைப்பை ஏற்று, இளையராஜாவும் ஏ.ஆர். ரஹ்மானும் ரஜினிகாந்தும் எண்ணற்ற ஜனங்களும் அவர் குணமடைய வேண்டி அவரவர் இருந்த இடத்திலிருந்தே பிரார்த்தித்தார்களே, அது ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. பிரார்த்தனை தெய்வத்தோடு நடத்தும் கொடுக்கல் வாங்கல் அன்று. பல மதத்தினர் ஒரே நேரத்தில் ஒரு மனிதரின் க்ஷேமத்தை நாடி நின்றார்கள். அவ்வளவு சித்தசுத்தி சில நிமிஷங்களாவது நமக்கு வாய்த்ததே அதன் பலன்.

அதைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது, அன்று எங்கும் கேட்ட ஆறுதல் மொழி: அவர் சாகவில்லை, பாட்டில் வாழ்கிறார். இது நம் தத்துவ சாஸ்திரத்தின் பழைய வழக்கொன்றைத் தொடுகிறது. சப்தம் நித்தியம், உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை என்பது மீமாம்சகர் கக்ஷி. சப்தம் பிறக்கிறது, ஆகவே அழிகிறது என்பது நையாயிகர் கக்ஷி. ஒலிப்பதிவுக் கருவி மீமாம்சகர் பக்கம் சாட்சி சொல்வதுபோல் முதலில் தோன்றும். 1969-இல் ‘அடிமைப்பெண்’ படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாடிய இளங்குரல் இன்றும் அப்படியே கேட்கிறதல்லவா? ஆயினும், நான்கு பாஷைகளில் ஆறு தேசிய விருதுகள் பெற்ற அந்த மனிதர், இனி ஒரு புதிய மெட்டைக் கேட்டு, அதன் நெளிவறிந்து, எங்கே மூச்சை நிறுத்துவது, எங்கே சிரிப்பைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கப்போவதில்லை. தாமரைப்பாக்கத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டவர் மெய்யாகவே இறந்தவர்தாம். அதை மறுக்கும் ஆறுதல் அவருக்கும் மரியாதை ஆகாது, நமக்கும் நிலைக்காது.

அப்படியானால் எஞ்சுவது யாது? இதற்கு விடை காவிரிக் கரையிலேயே இருக்கிறது. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ ஸ்வாமிகள் 1847 ஜனவரி 6-ஆம் தேதி சித்தியடைந்தபோது, குரலைப் பிடித்துவைக்கும் கருவி உலகத்திலேயே இல்லை. அவர் சாரீரம் எப்படி இருந்தது என்று இன்று சொல்லவல்லவர் ஒருவருமில்லை. இருந்தும், தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று ஊர்ப்பெயரால் வழங்கும் சிஷ்ய பரம்பரைகள் வாய்வழியாகக் கற்றுக் கற்பித்ததனால், புஷ்ய பகுள பஞ்சமி ஆராதனைதோறும் அந்த ஆற்றங்கரையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் நூற்றுக்கணக்கான குரல்களில் ஒருசேர எழுகின்றன.

அந்த மகான் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரைக் கண்டதுமில்லை, குரலைக் கேட்டதுமில்லை. சமாதி சிதைந்து கிடக்கிறதென்று அறிந்து, தம் பொருளைச் செலவிட்டு அங்கே ஆலயம் எழுப்பி, 1925-இல் கும்பாபிஷேகம் நடத்தினார். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில் பெண்களைத் திரட்டிப் பாடவும் வைத்தார். 1952-இல் மறைந்த அந்த அம்மையாரின் சமாதி, ஸ்வாமிகளின் சந்நிதியை நோக்கியே அமைந்திருக்கிறது. காணாத ஒருவரிடம் கொள்ளும் பக்தி பொய்யென்று சொல்பவர்கள், அங்கே ஒருமுறை சென்று நின்று பார்க்கட்டும்.

மனிதன் தேவ ருணம், ரிஷி ருணம், பித்ரு ருணம் என்ற மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது நம் தர்மம். இவற்றுள் ரிஷி ருணம் யாகத்தாலும் தீராது, தர்ப்பணத்தாலும் தீராது. கற்றுப் பிறருக்கும் கற்பித்தால்தான் தீரும். நடவு வயலிலும் இரவுப் பஸ்ஸிலும் தனிமையிலும் நமக்குத் துணையாயிருந்த பாடகனுக்கு நாம் பட்டிருப்பதும் இந்த வகைக் கடன்தான். அன்றைய கண்ணீர், கடனை ஒப்புக்கொண்ட கையெழுத்து. ஆகவே அது மெய். ஆனால் கையெழுத்திட்டதனால் மட்டும் கடன் அடைந்துவிடுவதில்லை. பதிவில் கிடக்கும் குரல் கோட்டையில் கட்டிவைத்த விதைநெல்லைப் போன்றது. எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் விதைத்தாலொழிய முளைக்காது.

எனவே, பிரியமான பாடகர் ஒருவர் மறையும்போது தாராளமாக அழுங்கள்; அதற்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை. அழுது முடித்தபின், அவர் பாடிய பாட்டில் ஒன்றையாவது கருவியை நிறுத்திவிட்டு உங்கள் வாயாலேயே பாடி, உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள்.