பிள்ளை மேல் ஏன் சத்தியம்?

ராமநாதபுரம் மாவட்டத்து அபிராமம் போன்ற ஊர்களில் கடன் தகராறோ வரப்புத் தகராறோ முற்றிவிட்டால், பேச்சு கடைசியில் சத்தியத்தில் வந்து நிற்கும். ஒருவர் சூடம் அணைக்கத் தயார் என்பார். இன்னொருவர் அல்லா மேல் ஆணை என்பார். அதற்கும் மேலே போய், "எம் புள்ள மேல சத்தியமா" என்று சொல்லிவிட்டால் எதிரே நிற்பவர் வாயடைத்துப் போவார். ஆனால் இந்தச் சத்தியத்துக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. சாட்சி தன் வகுப்பாரின் வழக்கப்படி சத்தியம் செய்ய விரும்பினால் அனுமதிக்கலாம் என்று சொல்லும் 1969-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டம், அது மூன்றாம் நபரைப் பாதிப்பதாக இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டுகிறது. 1873-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த வரம்பு இருந்தது. சட்டப் புத்தகத்தின் மூலையில் கிடக்கும் இந்த ஒரு வரி, வாழ்க்கைக்கும் பொருந்தும் அறம் என்று நினைக்கிறேன்.

சத்தியம் என்பது சொன்ன சொல்லுக்குச் சொன்னவரே ஜாமீன் நிற்பது. அந்தப் பொறுப்பை வேறு தலையில் இறக்கினால் ஜாமீன் போய்விடும். பெரியபுராணத்தில் சுந்தரர் செய்ய முயன்றதும் ஏறக்குறைய இதுதான். திருவொற்றியூரில், தான் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டிய நேரத்தில், கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். சன்னதியில் சொல்வார், சாட்சிதான் அங்கே இருக்காது. இறைவனோ மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிச் சங்கிலியாருக்கு உணர்த்திவிடுகிறார். பின்னாளில் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரரின் கண்கள் போயின. இறைவனின் தோழர் என்ற உரிமையும் அவருக்கு விலக்குத் தரவில்லை.

பொறுப்பிலிருந்து நழுவும் அந்த ஓட்டை இன்று பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. பெயர் மாற்றம், தொலைந்த சான்றிதழ், வாரிசு விவகாரம் என எல்லாவற்றுக்கும் அது தேவைப்படுகிறது. பழைய பத்திரத்தின் வாசகத்தில் பெயரையும் கதவு எண்ணையும் மட்டும் மாற்றி டைப் அடிப்பார்கள். எல்லாம் தான் அறிந்தவரை உண்மை என்ற கடைசிப் பத்தியின் கீழ், மேலே என்ன இருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்து விழும்; நோட்டரி முத்திரையும் விழும். நேரில் அறிந்தது எது, பிறர் சொல்லித் தெரிந்தது எது என்று பத்திரத்தில் பிரித்துக் காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1969-லேயே ஏ.கே.கே. நம்பியார் வழக்கில் வலியுறுத்தியது. படிக்காமல் ஒப்பமிடுபவர் அந்தப் பொறுப்பை டைப்பிஸ்ட் தலையில் வைத்துவிடுகிறார்.

சத்தியம் இப்படி மலிந்துபோனதற்குத் தெய்வ பயம் போனதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பயம் சிலரைத் தடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கங்கை நீரையும் குர்ஆனையும் வைத்து இந்து, முஸ்லிம் சாட்சிகளிடம் சத்தியம் வாங்கும் முறையைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசே 1840-இல் கைவிட்டது. நம் அரசியலமைப்பும் கடவுளின் பெயரால் ஆணையிடுவதையும் உளமார உறுதி கூறுவதையும் சமமாகவே வைத்திருக்கிறது. இன்னும் தெளிவான சான்று 1969 சட்டத்திலேயே உண்டு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சத்தியம் என்றால் என்னவென்று விளங்காவிட்டாலும், உண்மை பேச வேண்டும் என்பது புரிந்தால் போதும். சத்தியம் இல்லாமலே அதன் சாட்சியம் ஏற்கப்படும். உண்மை பேசும் கடமை சத்தியத்துக்கு முந்தியது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் சத்தியமே எதற்கு? அன்றாடப் பேச்சில் பார்த்ததும் கேட்டதும் ஊகித்ததும் கலந்தே வரும். அவற்றைப் பிரித்து, இதற்கு நான் பொறுப்பு என்று நிற்க ஒரு தருணம் வேண்டும். அதன் பிறகு சொல்லும் பொய்ச்சாட்சிக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்பது அந்தப் பொறுப்பின் எடை. வேறொரு மறுப்புதான் எனக்குக் கனமாகத் தோன்றுகிறது: கையில் சீட்டோ ரசீதோ இல்லாத கூலிக்காரப் பெண் பிள்ளையைத் தவிர வேறு எதைப் பணயம் வைப்பாள்? நியாயமான கேள்வி. ஆனால் அவளை அந்த நிலைக்குத் தள்ளியது அவள் சொல்லை நம்பாதவர்களின் பிடிவாதம். அதே பெரியபுராணத்தில், சுந்தரரைத் தன் அடிமை என்று ஒரு முதியவர் வழக்காடியபோது, திருவெண்ணெய்நல்லூர் அவை யாரையும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. ஓலையை வாங்கிப் பார்த்து, அதிலிருந்த கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னது. பேசுபவர் தன்னை மட்டும் ஜாமீன் வைக்க வேண்டும். கேட்பவர் சத்தியம் வாங்குவதற்கு முன் விசாரிக்க வேண்டும். இரண்டாவது கடமையைச் செய்யாதவர்களுக்கு முதலாவதைக் கேட்கும் உரிமை இல்லை.